மஞ்சள் நோட்டீஸ்: கட்டவே முடியாத கடனுக்குச் சட்டம் வைத்திருக்கும் வழி

நம் ஊர்களில் ஒரு குடும்பம் கடனில் மூழ்கினால் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் நகை அடகுக்குப் போகும். அடுத்து, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கப்படும். பிறகு ஒருநாள் இரவோடு இரவாக வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போய்விடுவார்கள். பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகும். ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சானின் வீட்டு வாசலில் பைனான்ஸ்காரர் வந்து நிற்பார். சில வீடுகளில் இதைவிடக் கொடிய முடிவும் எடுக்கப்படுகிறது.

அந்த நிலைக்குப் போகாமல், "என்னால் கட்ட முடியவில்லை, இதுதான் என்னிடம் உள்ளது" என்று நீதிமன்றத்தில் சொல்லிப் பாதுகாப்புக் கேட்க நம் நாட்டில் நூறாண்டுக்கு மேலாக ஒரு சட்டம் இருக்கிறது. ஐ.பி. போடுவது என்றும் மஞ்சள் நோட்டீஸ் கொடுப்பது என்றும் மக்கள் சொல்வது இதைத்தான். ஏமாற்றுக்காரர்கள் சிலர் இதைத் தவறாகப் பயன்படுத்தியதால் அந்தப் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. ஆனால் மறைக்க எதுவும் இல்லாத ஏழைக்கு இது முறையான வழி. யார் மனு போடலாம், என்னென்ன எழுத வேண்டும், எந்தக் கடன் தீரும், எது தீராது, மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம்?

சென்னை மாநகருக்கு 1909ஆம் ஆண்டின் பிரசிடென்சி டவுன்ஸ் இன்சால்வென்சி சட்டம் பொருந்தும். அங்கு மனு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். மற்ற மாவட்டங்களுக்கு 1920ஆம் ஆண்டின் புரொவின்சியல் இன்சால்வென்சி சட்டம் பொருந்தும். அங்கு பெரும்பாலும் சார்பு நீதிமன்றத்தில், அதாவது சப் கோர்ட்டில் மனு போடுவார்கள். நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் ஊர் அல்லது தொழில் செய்யும் ஊர் எந்த நீதிமன்றத்தின் எல்லையில் வருகிறதோ அங்குதான் போட வேண்டும். இந்தக் கட்டுரையில் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தையே விளக்குகிறோம்.

"புதுச் சட்டம் வந்துவிட்டது, ஏழைகளின் கடன் தள்ளுபடி" என்று சிலர் கட்டணம் கேட்டு வரலாம். 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் ஏழைகளுக்கென ஓர் எளிய திட்டம் எழுதப்பட்டிருப்பது உண்மை. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும், சொத்து 20,000 ரூபாய்க்கும், கடன் 35,000 ரூபாய்க்கும் மேல் போகாமல், சொந்த வீடும் இல்லாதவருக்கு என்று அதில் வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் சாதாரணத் தனிநபர்களுக்கான அந்தப் பகுதி இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. ஆகவே அதன் பெயரைச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் ஏமாற வேண்டாம்.

மனு போடும் முன் செய்ய வேண்டியவை

திவால் மனு கடைசிப் படி. அதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும்.

முதலாவது, மிரட்டல். வசூலுக்கு வருபவர் உங்களைத் திட்டவோ, பெண்களை மிரட்டவோ, வீட்டைப் பூட்டவோ அவருக்கு எந்த உரிமையும் இல்லை. குழுக்கடன் போன்ற மைக்ரோ பைனான்ஸ் கடன்களுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி. கடன் நிறுவனங்களின் வன்முறை வசூலைத் தடுக்கத் தமிழக அரசு 2025இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி போன்றவற்றைத் தடை செய்யும் மாநிலச் சட்டம் 2003இலிருந்து இருக்கிறது. மிரட்டல் நடந்தால் தேதி, நேரம், வந்தவர் சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் குறித்து வைத்துக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

இரண்டாவது, சிறைப் பயம். கடனைக் கட்டவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் சிறையில் அடைக்க முடியாது. கையில் பணம் இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவருக்குத்தான் சிவில் சிறை என்று உச்ச நீதிமன்றம் 1980இல் தெளிவாகச் சொன்னது. பணத்துக்கான டிக்ரியை நிறைவேற்றுவதற்காகப் பெண்களைக் கைது செய்யவே கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு சொல்கிறது. காசோலை திரும்பிய வழக்கு மட்டும் வேறு வகை. அது குற்றவியல் வழக்கு. அதில் வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, மக்கள் நீதிமன்றம் எனப்படும் லோக் அதாலத். கடன் ஒன்றிரண்டாக இருந்து, கடன் கொடுத்தவர் பேச்சுக்கு வருவார் என்றால் இதுவே நல்ல வழி. வட்டியைக் குறைத்து, அசலைத் தவணையாகக் கட்ட ஒப்பந்தம் செய்யலாம். ஆனால் அங்கு போடும் கையெழுத்து நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதற்கு மேல்முறையீடு கிடையாது. மாதம் 1,000 ரூபாய் மட்டுமே கட்ட முடிகிறவர், கூச்சத்துக்காக 4,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால் இரண்டாவது மாதமே மாட்டிக்கொள்வார்.

யார் மனு போடலாம்?

முதலில் உங்களால் கடன்களைத் தீர்க்க முடியாத நிலை இருக்க வேண்டும். அத்துடன் கீழ்க்கண்ட மூன்றில் ஒன்று பொருந்தினால் போதும் என்கிறது 10ஆம் பிரிவு.

1. மொத்தக் கடன் 500 ரூபாயாவது இருக்க வேண்டும். இது 1920இல் வைத்த தொகை, இன்றும் மாறவில்லை.
2. பணத்துக்கான டிக்ரியில் நீங்கள் கைதாகியிருக்க வேண்டும்.
3. அப்படிப்பட்ட டிக்ரியில் உங்கள் சொத்து ஜப்தி செய்யப்பட்டிருக்க வேண்டும்.

வருமானத்துக்கு என்று தனி உச்சவரம்பு எதுவும் இல்லை. ஆனால் வழக்கறிஞருக்குக் கொடுக்கவே பணமில்லை என்பவர் என்ன செய்வது? ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் அங்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மற்றவர்கள் அரசு நிர்ணயித்த வருமான வரம்புக்குள் இருந்தால் போதும். நீதிமன்றக் கட்டணத்தையும் ஆணைக்குழுவே ஏற்கும். 15100 என்ற எண்ணில் அழைத்து விவரம் கேட்கலாம்.

மனுவில் எழுத வேண்டியவை

13ஆம் பிரிவு கேட்பவை இவை.

• கடன்களைத் தீர்க்க முடியவில்லை என்ற வாக்குமூலம்.
• நீங்கள் குடியிருக்கும் இடம். தொழில் செய்யும் இடம்.
• எல்லாக் கடன்களின் பட்டியல். ஒவ்வொருவரின் பெயர், முகவரி, தொகை.
• எல்லாச் சொத்துக்களின் பட்டியல். அவை எங்கிருக்கின்றன, மதிப்பு என்ன.
• சட்டம் விலக்கு அளித்த பொருட்கள் தவிர மற்ற எல்லாவற்றையும் நீதிமன்றத்திடம் ஒப்படைக்கச் சம்மதம் என்ற உறுதிமொழி.
• இதற்கு முன் எப்போதாவது திவால் மனு போட்டதுண்டா என்ற விவரம்.

இதில் நம் குடும்பங்கள் வழக்கமாக விட்டுவிடுபவை மூன்று. கைமாற்றாக வாங்கிய கடன் முதலாவது. எழுத்து இல்லாவிட்டாலும் அது கடன்தான். அந்த நண்பரின் பெயரும் பட்டியலில் வர வேண்டும். இரண்டாவது மஹர். நிக்காஹ் பதிவேட்டில் எழுதிவிட்டுக் கொடுக்காமல் இருக்கும் மஹர், கணவர் மனைவிக்குத் தர வேண்டிய கடன். அதையும் பதிவேட்டு நகலுடன் காட்ட வேண்டும். மூன்றாவது, மனைவி பெயரில் எடுத்த குழுக்கடன். பணத்தைச் செலவழித்தவர் கணவராக இருந்தாலும், கையெழுத்துப் போட்ட மனைவிதான் சட்டப்படி கடன்காரர். கணவர் போடும் மனு மனைவியின் கடனைக் காக்காது.

ஓர் உதாரணக் கணக்கு

தோல் கம்பெனியில் மாதம் 13,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஐந்து பேர். வாடகை 4,000, மளிகை, பால், காய்கறி 5,500, பள்ளி, பஸ், மருந்து 2,500 ரூபாய். மிச்சம் 1,000 ரூபாய்தான்.

அவருடைய கடன்கள்:

• தனியார் பைனான்ஸ்: 1,20,000
• சீட்டு எடுத்த பின் கட்டாத தவணை: 60,000
• நண்பரிடம் கைமாற்று: 50,000
• கிரெடிட் கார்டு: 45,000
• கொடுக்காத மஹர்: 25,000

மொத்தம் 3,00,000 ரூபாய். மாதம் 1,000 வீதம் கட்டினால், வட்டியே இல்லாவிட்டாலும் 25 ஆண்டுகள் ஆகும். "எப்படியாவது கட்டிவிடுவேன்" என்று இவர் சொன்னால் அது நல்ல எண்ணம்தான், ஆனால் கணக்கில் நிற்காது. திவால் சட்டம் இவரைப் போன்றவருக்குத்தான். மனு போடலாமா என்று யோசிப்பவர் முதலில் செய்ய வேண்டியதும் இதேபோல் ஒரு தாளில் வரவு, செலவு, கடன் மூன்றையும் எழுதுவதுதான்.

எதை எடுப்பார்கள், எதைத் தொட முடியாது?

நீதிமன்றம் உங்களைத் திவாலானவர் என்று அறிவித்ததும் உங்கள் சொத்துக்கள் நீதிமன்றத்தின் வசமோ, அபிஷியல் ரிசீவர் என்ற அலுவலரின் வசமோ போய்விடும். அவர் அதை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுவார். ஆனால் ஜப்தி செய்யக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு விலக்கியவை உங்களுக்கே. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், வருங்கால வைப்புநிதி, பென்ஷன், கூலித் தொழிலாளியின் கூலி ஆகியவை அதில் வரும். ஒரு தையல்காரரின் தையல் மெஷினையும் தச்சரின் உளியையும் எடுக்க முடியாது.

மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும் பாதுகாப்பானவை. 13,000 ரூபாய் சம்பளத்தில் 1,000, பிறகு 12,000இல் 8,000, ஆக 9,000 ரூபாயைத் தொட முடியாது.

அடகு வைத்தவற்றின் கதை வேறு. வங்கியில் வைத்த நகையும், அடமானம் எழுதிய வீடும் அந்தக் கடனுக்குப் பிணை. திவால் உத்தரவு வந்தாலும் வங்கி அவற்றை விற்றுத் தன் பணத்தை எடுத்துக்கொள்ளலாம்.

பாகம் பிரிக்காத வீடு

வாப்பா மவுத்தாகிப் பல ஆண்டுகள் ஆகியும் பாகம் பிரிக்காத வீடு நம்மில் பலருக்கு உண்டு. "என் பெயரில் ஒன்றும் இல்லை" என்று மனுவில் எழுதிவிடுகிறார்கள். இது பெரிய பிழை. நம் வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பனார் இறந்த அந்த நேரத்திலேயே பங்கு பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது பொருட்டல்ல.

உம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள் என்றால் உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மிச்சத்தை ஐந்தாக்கினால் ஒவ்வொரு மகனுக்கும் இரண்டு, மகளுக்கு ஒன்று. வீட்டின் மதிப்பு 6,00,000 ரூபாயானால், உம்மாவுக்கு 75,000. ஒவ்வொரு மகனுக்கும் 2,10,000. மகளுக்கு 1,05,000. மனு போடும் மகன் இந்த 2,10,000 ரூபாய்ப் பங்கைக் காட்டியே ஆக வேண்டும். மறைத்தால் பின்னால் ஒரு கடன்காரர் வில்லங்கச் சான்றுடன் வந்து நிற்பார், மனுவே கெட்டுப்போகும். அதைவிட, பங்கை வெளியாள் வாங்கும் நிலை வராமல், நியாயமான விலைக்கு அண்ணனோ தம்பியோ வாங்கிக்கொள்ள நீதிமன்றத்தின் அனுமதியுடன் பேசுவது நல்லது. திவால் அறிவிப்புக்கும் விடுவிப்புக்கும் இடையில் பெற்றோர் யாராவது இறந்து பங்கு வந்தாலும், அதுவும் ரிசீவர் வசம் போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

மனைவி பெயருக்கு எழுதி வைப்பது

மஞ்சள் நோட்டீஸுக்குக் கெட்ட பெயர் வந்தது இதனால்தான். வீட்டை மனைவி பெயருக்கும் கடையைத் தம்பி பெயருக்கும் ஹிபா எழுதிவிட்டுப் பிறகு மனு போடுகிறார்கள். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் செய்த இப்படிப்பட்ட மாற்றங்களை, நல்லெண்ணத்தில் உரிய விலை கொடுத்து வாங்கியவை தவிர, 53ஆம் பிரிவின்படி நீதிமன்றம் ரத்து செய்யலாம். கடன் கொடுத்தவர்களில் வேண்டப்பட்ட ஒருவருக்கு மட்டும் சலுகையாக மூன்று மாதங்களுக்குள் பணம் கொடுத்திருந்தால் அதையும் 54ஆம் பிரிவின்படி திரும்ப வாங்கலாம். சொத்தை மோசடியாக மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு.

சட்டத்தை விடுங்கள், நியாயத்தைப் பாருங்கள். பிறர் பணத்தில் வாங்கிய சொத்தை ஒளித்து வைத்துவிட்டு "என்னிடம் ஒன்றுமில்லை" என்று சத்தியம் செய்வது பொய்ச் சத்தியம். இப்படி ஒருவர் செய்வதால், உண்மையிலேயே ஒன்றுமில்லாத பத்துப் பேரை ஊர் நம்ப மறுக்கிறது.

மனைவிக்கு அவருடைய பெற்றோர் போட்ட நகையும், அவர் பெயரில் அவரே வாங்கிய சொத்தும் அவருக்குச் சொந்தம். அதைக் கணவரின் கடனுக்கு எடுக்க முடியாது. ஆனால் அதற்கான பில், பதிவேடு, சாட்சி ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள்.

மனுவுக்குப் பிறகு நடப்பவை

மனு போட்ட மறுநாளே எல்லாம் நின்றுவிடாது. நீதிமன்றம் விசாரணைத் தேதி குறித்துக் கடன் கொடுத்தவர்கள் அனைவருக்கும் நோட்டீஸ் அனுப்பும். அன்று உங்களைக் கூண்டில் ஏற்றிக் கேட்பார்கள். பணம் எதற்கு வாங்கினீர்கள், எங்கே போயிற்று, என்ன சொத்து இருக்கிறது என்ற கேள்விகள் வரும். தயங்காமல் உள்ளதைச் சொன்னால் போதும்.

மனுவை ஏற்றுத் திவால் அறிவிப்பு வந்த பிறகு, பட்டியலில் உள்ள பிணையில்லாக் கடன்காரர்கள் நீதிமன்ற அனுமதி இல்லாமல் உங்கள் மீது புதிய வழக்குப் போட முடியாது. கைதிலிருந்து பாதுகாப்புக் கேட்டு 31ஆம் பிரிவின்படி தனியாக விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு அரசிதழில் வெளியாகும். திவாலானவர் உள்ளாட்சித் தேர்தலில் வெற்றி பெற்றுப் பதவி வகிக்க முடியாது.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. அறிவிப்பு வந்ததும் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்த உத்தரவிலேயே, இத்தனை மாதங்களுக்குள் விடுவிப்புக்கு மனு போட வேண்டும் என்று நீதிமன்றம் காலம் குறித்திருக்கும். அதற்குள் போடாவிட்டால் திவால் அறிவிப்பே ரத்தாகும். கடன்காரர்கள் பழையபடி வருவார்கள். அந்தத் தேதியைக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள்.

விடுவிப்பு கேட்கும்போது நீதிமன்றம் ஒரு கணக்குப் பார்க்கும். கடன் ரூபாய்க்கு எட்டணா அளவுக்காவது சொத்து இருந்ததா? இல்லை என்றால், அந்த நிலைக்கு நீங்கள் பொறுப்பல்ல என்று காட்ட வேண்டும். சூதாட்டம், வீண் ஆடம்பரம், கட்ட முடியாது என்று தெரிந்தே வாங்கிய கடன் ஆகியவை இருந்தால் முழு விடுவிப்பு கிடைக்காது. ஆகவே மருத்துவமனை பில், வேலை போன கடிதம், கடை எரிந்ததற்கான புகார் என்று நஷ்டத்துக்குக் காரணமான ஒவ்வொரு தாளையும் பத்திரமாக வைத்திருங்கள். ஏழையின் வழக்கு நிற்பது அந்தத் தாள்களில்தான். நீதிமன்றம் முழுமையாக விடுவிக்கலாம், சில காலம் தள்ளி வைக்கலாம், அல்லது இனி வரும் வருமானத்தில் ஒரு பகுதியைக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் வைக்கலாம்.

விடுவிப்பு வந்தாலும் தீராதவை

44ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டியவை தீராது. மோசடி செய்தோ நம்பிக்கைத் துரோகம் செய்தோ ஏற்பட்ட கடன் தீராது. மனைவி, பிள்ளைகளுக்கு நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சம் தீராது.

ஜாமீன் போட்டவர் நிலையையும் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு விடுவிப்பு கிடைத்தாலும், உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டவருக்கு விடுவிப்பு இல்லை. பைனான்ஸ்காரர் நேராக அவரிடம் போவார். அதனால் மனு போடும் முன்பே அவரைச் சந்தித்து உண்மையைச் சொல்லுங்கள். நீதிமன்ற நோட்டீஸைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். குடும்ப உறவு முறிவது பெரும்பாலும் கடனால் அல்ல, இப்படிச் சொல்லாமல் விட்டதால்தான்.

நடுவே ஒரு சமரச வழி

திவால் அறிவிப்புக்குப் பிறகும் 38ஆம் பிரிவின்படி சமரசத் திட்டம் ஒன்றை முன்வைக்கலாம். "ரூபாய்க்கு இத்தனை காசு, இத்தனை தவணையில் தருகிறேன்" என்று சொல்லலாம். கடனை நிரூபித்தவர்களில் எண்ணிக்கையில் பெரும்பான்மையினரும், கடன் தொகையில் நான்கில் மூன்று பங்குக்குரியவர்களும் ஒப்புக்கொண்டு, நீதிமன்றமும் ஏற்றால் அது எல்லோரையும் கட்டுப்படுத்தும்.

மேலே சொன்ன உதாரணத்தில் கடன் கொடுத்தவர்கள் ஐந்து பேர், தொகை 3,00,000. எல்லோரும் கடனை நிரூபித்திருந்தால் மூன்று பேரும், 2,25,000 ரூபாயும் வேண்டும். 1,20,000 கொடுத்த பைனான்ஸ்காரர் மறுத்தால் மற்ற நால்வரும் சேர்ந்தாலும் 1,80,000 தான் வரும். ஆக, பெரிய கடன்காரரை முதலில் சம்மதிக்க வைக்க வேண்டும். மொத்தமாக ஒரு தொகை கையில் கிடைக்கும் என்றால் அவர் இறங்கி வர வாய்ப்பு அதிகம். ஜமாஅத்தின் உதவி மிகவும் தேவைப்படும் இடம் இதுதான்.

மார்க்கம் சொல்வது

கடனாளி சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படியும், தர்மமாக விட்டுக்கொடுப்பது அதைவிட நல்லது என்றும் அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் வழிகாட்டுகிறது. பழங்கள் வாங்கி நஷ்டமடைந்து கடனில் மூழ்கிய ஒரு மனிதருக்கு நபி (ஸல்) அவர்கள் மக்களைத் தர்மம் செய்யச் சொன்ன செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. சேர்ந்தது கடனுக்குப் போதவில்லை. அப்போது கடன் கொடுத்தவர்களிடம், கிடைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்று அவர்கள் தீர்ப்பளித்தார்கள். இருப்பதைப் பங்கிட்டுக் கொடுத்து, ஏழையை மேலும் நெருக்காமல் விடுவது நமக்குப் புதிதல்ல.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீதிமன்றம் விடுவித்தால் வழக்குப் போடும் உரிமை போகிறது. கடன் கொடுத்தவர் மனமுவந்து மன்னிக்காத வரை, வசதி வரும்போது அசலைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு அல்லாஹ்விடத்தில் நிற்கிறது என்பதே மார்க்க அறிஞர்கள் பொதுவாகச் சொல்வது. கைமாற்றுக் கொடுத்த நண்பரின் 50,000 ரூபாயைச் சட்டம் அழித்தாலும், நீங்கள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். உங்கள் சொந்த நிலைக்கு உரிய பதிலை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜமாஅத்தும் பைத்துல்மாலும் செய்யக் கூடியவை

ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனாளிகளும் ஒரு வகையினர் என்று அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் சொல்கிறது. நம் ஊர்களில் ரமளானில் அரிசி, துணி என்று பிரிந்துபோகும் ஜகாத்தில் ஒரு பகுதியைக் கடனாளிகளுக்கென ஒதுக்கினால் பல குடும்பங்கள் ஊரைவிட்டு ஓடாமல் இருக்கும்.

அதற்கு ஒரு முறை வேண்டும். கேட்டு வருபவரிடம் மேலே சொன்ன வரவு, செலவு, கடன் தாளை வாங்குங்கள். கடன் எதனால் வந்தது என்று பாருங்கள். பணத்தைக் கையில் கொடுக்காமல், சமரசத் தொகையாகப் பெரிய கடன்காரருக்கு நேரடியாகச் செலுத்தி ரசீது வாங்குங்கள். அசலுக்கு மட்டும் கொடுங்கள், வட்டியைக் குறைக்கப் பேசுங்கள். ஊரில் ஒரு வழக்கறிஞர் இருந்தால் மாதம் ஒரு நாள் பள்ளிவாசல் அலுவலகத்தில் உட்காரச் சொல்லுங்கள். வந்து போகிறவர்களின் விவரம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடன்காரர் என்ற பேச்சு பரவினால் அந்த வீட்டுப் பெண்ணின் நிக்காஹ்கூடத் தடைபடும்.

கடனில் தவிக்கும் சகோதர சகோதரிகளுக்கு: உயிரை விட்டால் தீரும் என்ற எண்ணம் வந்தால், இரவு எந்நேரமானாலும் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அழையுங்கள், பேசுவதற்குக் கட்டணம் இல்லை. மறுநாள் காலை ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, சம்பளச் சீட்டு, கடன் தாள்கள், வந்த நோட்டீஸ்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினால் கடன் பின்னாலேயே வரும். எல்லாக் கடன்காரர்களையும் ஒரே நீதிமன்றத்தில் வைத்து உள்ளதைச் சொன்னவருக்குத் தன் ஊரிலேயே, தன் பிள்ளைகளுடன் தலைநிமிர்ந்து வாழ வழி கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.